எண்ணெய் மாறியது, எல்.டி.எல். ஏறியது: எங்கே தப்பியது கணக்கு?

கேள்வி: எனக்கு வயது 46. எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாகச் சூரியகாந்தி எண்ணெயில்தான் சமையல். "ரீஃபைண்ட் எண்ணெய்தான் இன்றைய நோய்களுக்கெல்லாம் வேர்" என்று என் அண்ணன் விடாமல் வலியுறுத்தியதால், ஏழு மாதங்களுக்கு முன் செக்குத் தேங்காய் எண்ணெய்க்கும் நெய்க்கும் முழுமையாக மாறினோம். நான்கு பேருக்கு மாதம் 4 லிட்டர் தேங்காய் எண்ணெயும் 1.2 கிலோ நெய்யும் ஆகிறது. மாறுவதற்கு முன் எடுத்த பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 212, எச்.டி.எல். 46, டிரைகிளிசரைடு 155, எல்.டி.எல். 135. சென்ற வாரம் எடுத்ததில் மொத்தம் 244, எச்.டி.எல். 50, டிரைகிளிசரைடு 160, எல்.டி.எல். 162. என் எடையும் நடைப்பயிற்சியும் அப்படியேதான் இருக்கின்றன. "நல்ல கொலஸ்ட்ரால் கூடியிருக்கிறதே, அதைப் பார். எல்.டி.எல். ஏறினாலும் அது பெரிய துகள், ஒன்றும் செய்யாது" என்கிறார் அண்ணன். பழைய எண்ணெய்க்கே திரும்பிவிடலாம் என்கிறார் மனைவி. யார் சொல்வது சரி? உண்மையில் எந்த எண்ணெய்தான் நல்லது? என் தந்தைக்கு 53 வயதில் மாரடைப்பு வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

இரண்டு பரிசோதனை முடிவுகளையும் முழுமையாக எழுதியதோடு, மாதம் எவ்வளவு எண்ணெய் ஆகிறது என்பதையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் அந்த அளவுக் கணக்கிலேயே இருக்கிறது.

முதலில் நேரடியான பதில். உங்கள் எல்.டி.எல். (ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் துகள்; 'கெட்ட கொலஸ்ட்ரால்' என்பது இதைத்தான்) ஏறியதற்கு எண்ணெய் மாற்றமே காரணமாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். இந்தப் பங்கீட்டைத் தொடர வேண்டாம் என்பதே என் ஆலோசனை. பழைய எண்ணெய்க்கு மட்டுமே திரும்ப வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

"எந்த எண்ணெய் நல்லது" என்ற கேள்வியை அப்படியே வைத்துக்கொண்டால் விடை கிடைக்காது. ஒரு கொழுப்பு நம் ரத்தத்தில் என்ன செய்யும் என்பது, அது எந்தக் கொழுப்பின் இடத்தைப் பிடித்தது, எவ்வளவு பிடித்தது என்பதைப் பொறுத்தது. வெண்ணெயிலேயே சமைத்துவந்த ஒருவர் பாமாயிலுக்கு மாறினால் அவருடைய எல்.டி.எல். சற்று இறங்கக்கூடும். சூரியகாந்தி எண்ணெயிலிருந்து அதே பாமாயிலுக்கு மாறியவருக்கு ஏறும். பாமாயில் இருவருக்கும் ஒன்றுதான். அவரவர் எதை விட்டுவிட்டு அதற்கு வந்தார் என்பதில்தான் வேறுபாடு.

எல்லாச் சமையல் கொழுப்புகளும் சில கொழுப்பு அமிலங்களின் கலவைகளே. நிறைவுற்றவை, ஒற்றை நிறைவுறாதவை, பன்மை நிறைவுறாதவை என்று அவற்றை மூன்றாகப் பிரிப்பார்கள். தேங்காய் எண்ணெயில் சுமார் 85 முதல் 90 சதவீதம் நிறைவுற்றது. நெய்யில் 60 சதவீதத்துக்குச் சற்று மேல். பாமாயிலில் ஏறத்தாழப் பாதி. கடலை எண்ணெயிலும் தவிட்டு எண்ணெயிலும் 20 சதவீதத்தை ஒட்டி, நல்லெண்ணெயிலும் ஆலிவ் எண்ணெயிலும் 14 சதவீதம் அளவில், சூரியகாந்தி எண்ணெயில் 11 சதவீதம் அளவில் இருக்கிறது. மீதிப் பங்கு ஆலிவ் எண்ணெயில் பெரும்பாலும் ஒற்றை நிறைவுறாதது. சூரியகாந்தியில் பெரும்பாலும் பன்மை நிறைவுறாதது. கடலை, நல்லெண்ணெய், தவிட்டு எண்ணெய் ஆகியவற்றில் இரண்டும் கலந்தது.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். 4 லிட்டர் தேங்காய் எண்ணெய் எடையில் சுமார் 3,700 கிராம். நான்கு பேர், முப்பது நாள் என்று வகுத்தால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 31 கிராம். 1.2 கிலோ நெய்யை அதேபோல் வகுத்தால் 10 கிராம். 31 கிராம் தேங்காய் எண்ணெயில் 27 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, 10 கிராம் நெய்யில் 6 கிராம், ஆக 33 கிராம். கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி தரும். 33 கிராமுக்குச் சுமார் 300 கலோரி. நாளைக்கு 2,000 கலோரி உண்பவர் என்று வைத்துக்கொண்டால், சமையல் கொழுப்பில் மட்டுமே 15 சதவீதக் கலோரி நிறைவுற்ற கொழுப்பிலிருந்து வந்துவிடுகிறது. பால், இறைச்சி, கடைத் தின்பண்டம் எதையும் இன்னும் சேர்க்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் எல்லா உணவுக்கும் சேர்த்தே 10 சதவீதத்துக்குள் இருக்கச் சொல்கிறது.

ஏழு மாதங்களுக்கு முன் இதே 41 கிராமும் சூரியகாந்தி எண்ணெயாக இருந்தபோது அதில் இருந்த நிறைவுற்ற கொழுப்பு நாலரை கிராம்தான். கலோரியில் 2 சதவீதம். ஆக, உங்கள் உணவில் ஏறக்குறைய 13 சதவீதக் கலோரி நிறைவுறாத கொழுப்பிலிருந்து நிறைவுற்ற கொழுப்பின் பக்கம் போயிருக்கிறது.

இந்த மாற்றம் ரத்தத்தில் எவ்வளவு தெரியும் என்பதும் நெடுங்காலமாக அளக்கப்பட்டு வந்திருக்கிறது. 1965ஆம் ஆண்டிலேயே ஆன்செல் கீஸும் மார்க் ஹெக்ஸ்டெட்டும் தனித்தனியாக ஆராய்ந்து, உணவுக் கொழுப்பை வைத்து ரத்தக் கொலஸ்ட்ராலை முன்கூட்டிச் சொல்லும் சமன்பாடுகளை வெளியிட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்துக்காக ரொனால்ட் மென்சிங்க் 84 கட்டுப்படுத்தப்பட்ட உணவுச் சோதனைகளைத் தொகுத்து 2016இல் தந்த கணக்கு இன்னும் துல்லியமானது. கலோரியில் ஒரு சதவீத நிறைவுற்ற கொழுப்பின் இடத்தில் பன்மை நிறைவுறாக் கொழுப்பை வைத்தால் எல்.டி.எல். டெசிலிட்டருக்குச் சுமார் 2.1 மில்லிகிராம் இறங்குகிறது (உங்கள் அறிக்கையில் ஒரு புள்ளி என்பது இந்த ஒரு மில்லிகிராம்தான்). ஒற்றை நிறைவுறாக் கொழுப்பை வைத்தால் 1.6, மாவுச்சத்தை வைத்தால் 1.3. சூரியகாந்தி எண்ணெயில் இரண்டு வகை நிறைவுறாக் கொழுப்பும் இருப்பதால் சதவீதத்துக்கு 2 என்று கொள்ளலாம். நீங்கள் எதிர்த்திசையில் 13 சதவீதம் போயிருக்கிறீர்கள். எதிர்பார்க்க வேண்டிய ஏற்றம் 26. உங்கள் அறிக்கைகளில் இருப்பது 27.

இவ்வளவு பொருந்துவதில் கொஞ்சம் தற்செயலும் உண்டு. இந்தக் கணக்குகள் பலரின் சராசரி; ஒரே உணவுக்கு ஒருவர் உடல் அதிகமாகவும் இன்னொருவர் உடல் குறைவாகவும் எதிர்வினை காட்டும். எதையும் மாற்றாமல் இருந்தாலும் எல்.டி.எல். நாளுக்கு நாள் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் ஏறி இறங்குவது இயல்பு. எனவே இரண்டே பரிசோதனைகளை வைத்து 27 புள்ளியையும் எண்ணெயின் தலையில் கட்டிவிட முடியாது. ஆனால் திசையும் அளவும் எதிர்பார்த்தபடியே இருக்கின்றன, எச்.டி.எல். நான்கு புள்ளி கூடியதும் தேங்காய் எண்ணெய்க்கே உரிய கைரேகை. தேங்காய் எண்ணெயை மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்ட 16 சோதனைகளின் தொகுப்பு 2020இல் வெளிவந்தது. வெப்பமண்டலம் சாராத (தேங்காய், பனை வகை அல்லாத) எண்ணெய்களைவிடத் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.ஐச் சராசரியாக 10 புள்ளியும் எச்.டி.எல்.ஐ 4 புள்ளியும் உயர்த்துகிறது என்பது அதன் முடிவு. நீங்கள் எண்ணெய் முழுவதையும் மாற்றி, கூடவே நெய்யையும் சேர்த்ததால் உங்கள் ஏற்றம் அந்தச் சராசரியைத் தாண்டியிருப்பதில் வியப்பில்லை.

உணவில் இருக்கும் கொழுப்பு ரத்தத்தில் இருக்கும் எல்.டி.எல்.ஐ எப்படி உயர்த்துகிறது என்று பலர் கேட்பதுண்டு. சுற்றிவரும் எல்.டி.எல். துகள்களில் பெரும்பங்கைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்வது கல்லீரல். அதன் உயிரணுக்களின் மேல் இதற்கென்றே ஏற்பிகள் இருக்கின்றன. இவற்றைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. ஊருக்குள் வரும் வண்டிகளை உள்ளே விடும் வாசல்கள் என்று இந்த ஏற்பிகளை நினைத்துக்கொள்ளலாம். நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தால் கல்லீரல் வாசல்களைக் குறைத்துக்கொள்கிறது. வண்டிகள் வெளியே தேங்குகின்றன. அதாவது ரத்தத்தில் எல்.டி.எல். நிற்கிறது. பன்மை நிறைவுறாக் கொழுப்பு அந்த இடத்தைப் பிடித்தால் ஏற்பிகளின் வேலை கூடுகிறது. எண்ணெய்ப் புட்டியின் மேல் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று அச்சிட்டிருப்பதால் நமக்கு ஒரு தகவலும் கிடைப்பதில்லை என்று நான் சொல்வது இதனால்தான். பொருட்படுத்தத்தக்க அளவில் கொலஸ்ட்ரால் எந்தத் தாவர எண்ணெயிலுமே கிடையாது. நம் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி உடலே செய்துகொள்வது. எண்ணெய் தீர்மானிப்பது, அதைக் கல்லீரல் எவ்வளவு வேகமாக அப்புறப்படுத்துகிறது என்பதை.

அடுத்து உங்கள் அண்ணனின் வாதங்கள். அவர் உங்கள் மேல் அக்கறையோடுதான் சொல்கிறார். அவர் சொல்வதில் பாதி, வேறெங்கோ சரியாக இருக்கும் ஒன்று. அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்பதே நியாயம்.

"எச்.டி.எல். கூடியிருக்கிறது" என்பது உண்மை. எச்.டி.எல். அதிகம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று மக்கள்தொகை ஆய்வுகள் காட்டியதும் உண்மை. அப்படியென்றால் அதை உயர்த்தினால் மாரடைப்பு குறைய வேண்டும் அல்லவா? இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். டார்செட்ராபிப் என்ற மருந்து எச்.டி.எல்.ஐ வெகுவாக உயர்த்தியது. ஆனால் மருந்து எடுத்தவர்களிடையே மரணம் கூடியதால் 2006 டிசம்பரில் அந்தச் சோதனையையே நிறுத்தினார்கள். பிறவியிலேயே எச்.டி.எல். மட்டும் கூடுதலாக அமையும் மரபணு மாற்றம் உடையவர்களை ஆராய்ந்தபோது அவர்களுக்கும் மாரடைப்பு குறையவில்லை என்று 2012இல் தெரியவந்தது. எச்.டி.எல். உடல்நிலையின் ஓர் அடையாளம். அடையாளத்தை எண்ணெய் ஊற்றி உயர்த்துவதால் பாதுகாப்பு கிடைத்துவிடாது. உங்கள் எண்களிலேயே இன்னொன்றும் இருக்கிறது. மொத்தக் கொலஸ்ட்ராலை எச்.டி.எல்.லால் வகுத்துப் பாருங்கள். முன்பு 4.6, இப்போது 4.9. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.ஐக் கழித்தால் முன்பு 166, இப்போது 194. எச்.டி.எல். கூடியதைக் கணக்கில் எடுத்த பிறகும் நிலைமை முன்பைவிட மோசம்தான்.

"பெரிய துகள் ஒன்றும் செய்யாது" என்பது இன்னும் ஆபத்தான ஆறுதல். சிறிய எல்.டி.எல்., பெரிய எல்.டி.எல். என்று இரண்டு வகை இருப்பது உண்மை. ஆனால் குடும்பவழி வரும் அதீதக் கொலஸ்ட்ரால் நோய் உள்ளவர்களின் எல்.டி.எல். பெரும்பாலும் பெரிய துகள்களே. அவர்களுக்குத்தான் முப்பது, நாற்பது வயதிலேயே மாரடைப்பு வருகிறது. சிறியதோ பெரியதோ, ஒவ்வொரு எல்.டி.எல். துகளிலும் ஒரே ஓர் அபோ-பி புரதம் இருக்கும். துகள்களின் எண்ணிக்கை எவ்வளவு, அவை எத்தனை ஆண்டுகள் ரத்தக்குழாய்ச் சுவரை உரசிக்கொண்டிருந்தன என்பதுதான் முக்கியம். அண்ணனுக்கு இன்னும் ஐயம் இருந்தால், அடுத்த முறை அபோ-பி பரிசோதனையையும் சேர்த்து எடுத்துப் பார்க்கலாம். துகள்களின் எண்ணிக்கையை அது நேரடியாகவே காட்டிவிடும்.

தேங்காய் எண்ணெய் 'நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு' என்றும், அது நேராக எரிந்துவிடும் என்றும் அவர் கேள்விப்பட்டிருப்பார். எட்டு, பத்துக் கரிமம் கொண்ட கொழுப்பு அமிலங்களுக்கு அது ஓரளவு பொருந்தும். எடைக் குறைப்பு ஆய்வுகள் பலவும் அவற்றை மட்டும் பிரித்தெடுத்துச் செய்த எண்ணெயில் நடந்தவை. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி இருப்பது பன்னிரண்டு கரிமம் கொண்ட லாரிக் அமிலம். அதன் பெரும்பகுதி நீண்ட சங்கிலிக் கொழுப்பு செல்லும் வழியிலேயே உடலுக்குள் போகிறது, எல்.டி.எல்.ஐயும் உயர்த்துகிறது.

தேங்காயை நம்பியே வாழ்ந்த தீவு மக்களின் கதையையும் அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். பசிபிக் பெருங்கடலில் உள்ள டோக்கெலாவ், புகாபுகா தீவுகளைப் பற்றி 1981இல் வெளிவந்த ஆய்வு அது. டோக்கெலாவ் மக்களின் உணவுக் கலோரியில் 63 சதவீதமும் புகாபுகா மக்களின் உணவுக் கலோரியில் 34 சதவீதமும் தேங்காயிலிருந்து வந்தன. இரண்டு இடத்திலும் ரத்தக்குழாய் நோய் அரிது. இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதிகத் தேங்காய் உண்ட டோக்கெலாவ் மக்களின் கொலஸ்ட்ரால் மற்றவர்களைவிட 35 முதல் 40 புள்ளி அதிகமாக இருந்தது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. அவர்கள் உண்டது தேங்காயை, நார்ச்சத்தோடும் மீனோடும். சர்க்கரை மிகக் குறைவு, உடலுழைப்பு மிக அதிகம். பிழிந்த எண்ணெயைப் புட்டியிலிருந்து ஊற்றிச் சமைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் நமக்கு அந்த ஆய்வு எந்த உறுதியும் தரவில்லை.

செக்கா, ரீஃபைண்டா என்ற சண்டைக்கு இதில் இருக்கும் இடம் மிகச் சிறியது. செக்கில் ஆட்டினாலும் ஆலையில் சுத்திகரித்தாலும் ஓர் எண்ணெயின் கொழுப்பு அமிலப் பங்கீடு அநேகமாக அப்படியேதான் இருக்கும். செக்கு எண்ணெயில் மணமும், நுண்சத்துகள் சிலவும் கூடுதலாக மிஞ்சும். சுவைக்காக அதை விரும்புவதில் தவறே இல்லை. ஆனால் 87 சதவீத நிறைவுற்ற கொழுப்பைச் செக்கு 20 சதவீதமாக்கிவிடாது. செக்கு எண்ணெய்தான் வேண்டும் என்று அண்ணன் சொன்னால் கடலை எண்ணெயையும் நல்லெண்ணெயையும் செக்கிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். இருவர் விருப்பமும் நிறைவேறும்.

விதை எண்ணெய்களில் உள்ள ஒமேகா-6 என்னும் பன்மை நிறைவுறாக் கொழுப்பு உடலில் அழற்சியை மூட்டும் என்பது இன்னொரு வாதம். வேதிப்பாதையைத் தாளில் வரைந்து பார்த்தால் அப்படித் தோன்றும். மனிதர்களுக்கு ஒமேகா-6 வகையில் முதன்மையான லினோலியிக் அமிலத்தைக் கூட்டிக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் அழற்சியின் குறியீடுகள் உயரவில்லை. ஆனால் அண்ணன் தரப்பில் நாம் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டிய சான்று ஒன்று இருக்கிறது. 1968 முதல் 1973 வரை அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. நிறைவுற்ற கொழுப்புக்குப் பதிலாகச் சோள எண்ணெய் கொடுத்ததில் கொலஸ்ட்ரால் நன்றாகவே இறங்கியது; மரணங்கள் குறையவில்லை. இதை மறைத்துவிட்டுப் பேசுவது சரியல்ல. அதில் பெரும்பாலோர் மனநல மருத்துவமனைகளில் இருந்தவர்கள். பலர் குறுகிய காலத்தில் வெளியேறிவிட்டார்கள். ரத்தக்குழாய் அடைப்பு பத்து, இருபது ஆண்டுகளில் வளர்வது. பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பு 2020இல் சொன்னது இது: குறைந்தது இரண்டு ஆண்டுகள் நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற நிகழ்வுகள் சுமார் 17 சதவீதம் குறைந்தன, மொத்த மரண எண்ணிக்கையில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. மாயமருந்து என்று சொல்லும் அளவுக்குப் பெரிய பயன் இல்லை. ஆனால் தந்தைக்கு 53 வயதில் மாரடைப்பு வந்த ஒருவர் அலட்சியமாக விடக்கூடிய பயனும் இல்லை.

நெய்யைப் பற்றிச் சுருக்கமாக. நெய்யில் நன்மை தரும் அமிலங்கள் இருப்பதாகச் சொல்வார்கள். அவை இருப்பது சிறிய அளவில். நிறைவுற்ற கொழுப்பு இருப்பது பெரிய அளவில். வாசனைக்கு ஒரு தேக்கரண்டி நெய் யாருடைய இதயத்தையும் கெடுத்துவிடாது. சமைக்கும் கொழுப்பாகவே அதைக் கொள்வதுதான் சிக்கல்.

இந்தப் பேச்சில் மறந்துபோகக் கூடாத கொழுப்பு, பாதி ஹைட்ரஜனேற்றம் செய்த எண்ணெய். வனஸ்பதி, சில வகை மார்ஜரின், அவற்றால் செய்த பிஸ்கட், பஃப் ஆகியவற்றில் டிரான்ஸ் கொழுப்பு இருக்கக்கூடும். மென்சிங்கும் மார்ட்டின் கட்டனும் 1990இல் காட்டியதுபோல், இது எல்.டி.எல்.ஐ உயர்த்துவதோடு எச்.டி.எல்.ஐயும் இறக்குகிறது. நெய்கூட இதைச் செய்வதில்லை. கலோரியில் வெறும் 2 சதவீதம் டிரான்ஸ் கொழுப்பாக இருந்தாலே இதய நோய் சுமார் 23 சதவீதம் அதிகம் காணப்பட்டதாக 2006இல் வெளியான தொகுப்பு ஒன்று கணக்கிட்டது. உலக சுகாதார நிறுவனம் விதித்திருக்கும் வரம்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே. 2,000 கலோரிக்கு 2.2 கிராம். தேங்காய் எண்ணெயைக் கைவிடும் உற்சாகத்தில் யாரும் இந்தப் பக்கம் வந்துவிடக் கூடாது. பொட்டலத்தின் பொருள்பட்டியலில் 'ஹைட்ரஜனேற்றம்' என்ற சொல் கண்ணில் பட்டால் கீழே வைத்துவிடுங்கள்.

இனி என்ன செய்யலாம்? முதலில் மொத்த அளவைக் குறையுங்கள். ஒருவருக்கு 41 கிராம் என்பதைச் சமையல் எண்ணெய் 25, நெய் 5 என்று 30 கிராமுக்குக் கொண்டுவரலாம். நான்கு பேருக்கு மாதம் எண்ணெய் மூன்றேகால் லிட்டர், நெய் 600 கிராம். மாதத் தொடக்கத்தில் இவ்வளவையும் தனியே எடுத்து வைத்துவிட்டு, அதைத் தாண்டுவதில்லை என்று முடிவு செய்யுங்கள். எண்ணெயைச் சட்டியில் ஊற்றும்போது புட்டியைச் சாய்க்காமல் கரண்டியால் அளந்து ஊற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும். ஒரு தேக்கரண்டி சுமார் நாலரை கிராம் பிடிக்கும். ஒரு மேசைக்கரண்டி 14 கிராம். அந்த மூன்றேகால் லிட்டர் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி, தவிட்டு எண்ணெய் இவற்றில் உங்கள் நாக்குக்குப் பிடித்த ஏதேனும் இரண்டாக இருக்கட்டும். இவற்றுக்கு இடையே உள்ள வேறுபாடு சிறியது. அதை நினைத்து உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தப் பங்கீட்டில் சமையல் கொழுப்பிலிருந்து வரும் நிறைவுற்ற கொழுப்பு 33 கிராமிலிருந்து ஏழெட்டுக் கிராமுக்கு இறங்கும். எல்.டி.எல். 20 புள்ளியை ஒட்டிக் குறையும் என்று எதிர்பார்க்கலாம். குறைத்த எண்ணெயின் இடத்தில் எது வருகிறது என்பதையும் கவனியுங்கள். அந்த இடத்தைச் சர்க்கரையும் வெள்ளை மாவும் நிரப்பினால் எல்.டி.எல். கொஞ்சம் இறங்கும், டிரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பு) ஏறும், எச்.டி.எல்.லும் இறங்கும். உங்கள் டிரைகிளிசரைடு ஏற்கெனவே 150க்கு மேல்தான் இருக்கிறது. இரண்டு எண்ணெய்க் காலத்திலும் அது அசையவில்லை என்பதிலிருந்தே அதன் காரணம் எண்ணெயில் இல்லை என்று தெரிகிறது. இனிப்பு, மாவுச்சத்து, மது, இடுப்புச் சுற்றளவு இவற்றில்தான் தேட வேண்டும். பருப்பு வகை, காய்கறி, கொட்டை வகை, முழுத்தானியம் என்று அந்த இடம் நிரம்பினால் இரண்டு எண்ணும் இறங்கும்.

பொரிப்பதைப் பற்றி ஒரு குறிப்பு. பன்மை நிறைவுறாக் கொழுப்பு மிகுந்த எண்ணெய், சூட்டில் மற்றவற்றைவிட விரைவாகக் கெடும். எப்போதாவது பொரிக்கும்போது ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு அதிகமுள்ள கடலை எண்ணெய் பொருத்தமானது. குறைந்த அளவே ஊற்றுங்கள். புகை வரும்வரை காய்ச்ச வேண்டாம். பொரித்த எண்ணெயை நாட்கணக்கில் வைத்துத் திரும்பத் திரும்பச் சுட வைக்காதீர்கள். நிறம் கறுத்து, நுரை அடங்காமல், பிசுபிசுப்பு ஏறிவிட்டால் அந்த எண்ணெய் முடிந்தது என்று பொருள்.

மாற்றத்தைத் தொடங்கி எட்டு வாரம் கழித்து மீண்டும் பரிசோதனை எடுங்கள். உணவு மாற்றத்தின் விளைவு மூன்று, நான்கு வாரங்களிலேயே ரத்தத்தில் நிலைபெறத் தொடங்கிவிடும். எட்டு வாரம் என்பது ஐயத்துக்கு இடமில்லாத அவகாசம். முடிந்தால் அதே பரிசோதனைக்கூடத்தில், அதேபோல் வெறும் வயிற்றில் எடுங்கள். எல்.டி.எல். பெரும்பாலும் கணக்கிட்டுப் பெறும் எண். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.ஐயும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். உங்கள் 244இலிருந்து 50ஐயும் 32ஐயும் கழித்துத்தான் 162 வந்திருக்கிறது. முந்தைய இரவு விருந்து உண்டு டிரைகிளிசரைடு ஏறியிருந்தால் எல்.டி.எல். எண்ணும் தவறாக வரும்.

எண்ணெயோடு இது முடியவில்லை. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எல்.டி.எல். ஏறும், அதே ரத்த மாதிரியில் தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். பரிசோதனையையும் சேர்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் மாறுவதற்கு முன்பே உங்கள் எல்.டி.எல். 135 இருந்தது. எண்ணெயைச் சரிசெய்தால் அந்த எண்ணை ஒட்டி வருவீர்கள். தந்தைக்கோ உடன்பிறந்த ஆணுக்கோ 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் மருத்துவர்கள் அதைத் தனி ஆபத்துக் காரணியாக எடுத்துக்கொள்வார்கள். உங்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம் இவற்றையும் சேர்த்துப் பார்த்து, 135 உங்களுக்குப் போதுமா, எல்.டி.எல்.ஐக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தேவையா என்று உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மருந்துச் சோதனைகளின் தொகுப்பில் எல்.டி.எல். 39 புள்ளி குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகின்றன. மாத்திரை எழுதிக் கொடுத்தால் அதை உணவுமுறையின் தோல்வியாக எண்ணி ஒதுக்கிவிடாதீர்கள்.

உங்கள் அண்ணனுக்கும் அதே தந்தைதான். அவரும் தேங்காய் எண்ணெயிலும் நெய்யிலும்தான் சமைக்கிறார் என்றால், அவருடைய கடைசி எல்.டி.எல். எவ்வளவு என்று கேளுங்கள். எடுத்தே நாளாகிவிட்டது என்றால், உங்கள் அடுத்த பரிசோதனைக்கு அவரையும் கையோடு அழைத்துச் செல்லுங்கள்.